மேலே நின்று பார்க்கும் ஆசை



போன கிழமை ஒரு கல்யாண வீட்டில், போட்டோ எடுக்க வந்த தம்பி கையில் இருந்த கெமராவை மறந்துவிட்டு ட்ரோனோடுதான் சந்தோசமாக நின்றார். "அப்படி என்ன தம்பி இதில இருக்கு?" என்று கேட்டேன்.

"சேர், எங்கட ஊர் இவ்வளவு வடிவு எண்டு மேல போனாத்தான் தெரியுது."

இந்த ஆசைக்கு 160 வருடத்துக்கு மேல் வயது. 1858இல் பாரிஸுக்குப் பக்கத்தில் நதார் என்ற புகைப்படக் கலைஞர், கயிற்றில் கட்டிய பலூனில் ஏறிப் படம் எடுத்தார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயமுன் எடுத்துக் கழுவ வேண்டும். அதனால் பலூன் கூடைக்குள்ளேயே இருட்டறையும் ஏறியது. முதலில் தகடுகள் எல்லாம் பழுதாகின. பலூனிலிருந்து கசிந்த வாயுதான் காரணம். வாயு வழியை மூடிய பிறகே படம் விழுந்தது. அந்தப் படம் இன்று இல்லை. 1860இல் ஜேம்ஸ் வொலஸ் பிளாக் பலூனிலிருந்து எடுத்த பொஸ்டன் நகரப் படமே எஞ்சியிருக்கும் மிகப் பழைய வான்படம்.

பிறகு மனிதன் தரையில் நின்றுகொண்டு கெமராவை மட்டும் அனுப்பப் பார்த்தான். 1888இல் பிரான்ஸில் ஆர்தர் பட்டூ பட்டத்தில் கெமராவைக் கட்டினார். மெதுவாக எரியும் ஒரு திரிதான் அதை இயக்கியது. 1906இல் நிலநடுக்கமும் தீயும் அழித்த சான் பிரான்சிஸ்கோவை, ஜோர்ஜ் லோரன்ஸ் 17 பட்டங்களால் சுமார் 2,000 அடி உயரத்துக்கு ஏற்றிய கெமராவால் எடுத்தார். ஜெர்மனியின் மருந்துக்கடைக்காரர் நொய்ப்ரோனர் புறாவின் நெஞ்சிலேயே சின்னக் கெமராவைக் கட்டினார்.

ஆனால் பட்டம் காற்றின் பேச்சைக் கேட்கும், புறா தன் வீட்டுக்குப் பறக்கும். எது விழுந்தது என்று படத்தைக் கழுவிய பிறகுதான் தெரியும். ட்ரோனோ சொன்ன இடத்தில் நிற்கிறது. அது பார்ப்பதைக் கையிலுள்ள திரையில் அப்போதே காட்டுகிறது. வானத்தில் தான் நிற்கும் இடத்தைத் தானே தெரிவு செய்யலாம் என்பதுதான் அந்தத் தம்பியின் சந்தோசம்.

அவர் திரையை எனக்கும் காட்டினார். பள்ளிக்கூடக் கூரை, வயல், பள்ளிவாசல் மினாரா... உண்மையில் வடிவுதான். அப்போது ஒரு வீட்டு முற்றத்தில் உடுப்புக் காயப்போட்ட ஒரு பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். தம்பி ஒன்றும் பேசாமல் ட்ரோனை வயல் பக்கம் திருப்பினார்.

முதலாம் உலகப் போரில் இதே வான்படம்தான் பதுங்குகுழிகளைத் தேடிக் கொடுத்தது. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு எங்கள் நாட்டில் ட்ரோன் பறக்கவிடத் தடை வந்ததும் ஞாபகம் இருக்கும். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மக்கள் பயப்படக் காரணம் உண்டு.

எங்கள் உம்மாமார் முற்றத்துக்கு வேலி அடைத்தபோது, வானத்துக்கும் வேலி வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அந்த வேலி இனிப் பறக்கவிடுபவரின் மனதில்தான் இருக்க வேண்டும். அந்தத் தம்பியிடம் அது இருந்தது. ட்ரோன் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு, பறக்கவிடப் பழக்கும்போது எங்கே திருப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துப் பழக்குவோம்.