கஞ்சிக் கிடாரம்: கல்முனைக் கரையோரத்தில் சிறுவர் பசியாற்றிய வரலாறு

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் எனக் கடலோரமாக நீளும் இலங்கையின் அம்பாறை மாவட்ட முஸ்லிம் ஊர்களில், பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதற்கென்று தனித் திட்டம் எதுவும் முன்பு தேவைப்படவில்லை. கந்தூரி, நார்சா, கஞ்சி என்ற மூன்று சொற்களுக்குள் அந்த வேலை அடங்கியிருந்தது.

நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாவின் நினைவாகக் கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடி ஏறும். (இங்கே 'பள்ளி' என்றால் பள்ளிவாசல்; பிள்ளைகள் படிப்பது பாடசாலையில்.) விழா முடிவில் கந்தூரிச் சோறு. மௌலூது ஓதி முடிந்ததும் கையில் கிடைப்பது நார்சா. இரண்டுக்கும் முதலில் ஓடிவருவது சிறுவர்கள்தான்.

இவற்றுள் பெரியது நோன்புக் கஞ்சி. நோன்பு மாதத்தில் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் பள்ளி வளவில் அடுப்பு மூளும். கிடாரம் என்ற பெரிய பாத்திரத்தில் அரிசி, தேங்காய்ப்பால், உள்ளி, இஞ்சி, கறுவா, ரம்பை; வசதி இருந்தால் மாட்டெலும்பும் சேரும். பிற்பகல் அஸர் தொழுகைக்குள் வாளி, கேத்தல், வெறும் பால்மா டின் எனக் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அகப்பை வாளிக்குள் இறங்கும்வரை தள்ளுமுள்ளு. முதலாளி வீட்டுப் பிள்ளைக்கும் மீன்பிடிக்காரர் பிள்ளைக்கும் ஒரே வரிசை. ருசிக்கு வந்தது யார், பசிக்கு வந்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. இந்த முறையின் கெட்டித்தனமே அதுதான். நோன்பு முடிந்து ஷவ்வால் பிறை தெரிந்ததும் கிடாரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவது அதன் குறை.

மற்ற மாதங்களின் பசியை நாடு வேறு வழிகளில் எதிர்கொண்டது. பாடசாலைப் பனிஸ் ஒரு தலைமுறைக்கே நினைவிருக்கிறது. 1973இல் திரிபோஷா என்ற சத்துமா வந்தது. ஏ.ரி. ஆரியரத்ன 1958இல் தொடங்கிய சர்வோதய இயக்கத்தின் முன்பள்ளிகளில், பிள்ளைகள் ஆளுக்கொரு நெருப்புப்பெட்டி அரிசி கொண்டுவந்து பொதுப் பானையில் போட்டார்கள். கடலுக்கு அப்பால் தமிழகத்தில் காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கியபோதும், அரசுப் பணத்தோடு ஊராரின் கொடையும் சேர்ந்தே உலை கொதித்தது.

2004 டிசம்பர் 26 கடற்கோளில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். பாடசாலைகளும் பள்ளிகளும் அகதி முகாம்களாயின. வெளிநாட்டு உதவி வந்து சேருமுன், கடல் எட்டாத சம்மாந்துறை போன்ற உட்பகுதி ஊர்களிலிருந்து சோற்றுப் பார்சல்கள் வந்தன.

2022இல் பொருளாதார நெருக்கடியோடு வந்த பசி வேறு மாதிரி. முந்திய ஆண்டின் இரசாயன உரத்தடையால் நெல் விளையும் மாவட்டத்திலேயே விளைச்சல் விழுந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் மீன்பிடிப் படகுகள் கரையில் கிடந்தன. செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. நாட்டின் பல இடங்களில் தொண்டர்கள் சமூகச் சமையலறைகள் திறந்தார்கள். விறகில் எரியும் கிடாரத்துக்கு, தட்டுப்பாடான எரிவாயு தேவையில்லைதான். அரிசியும் தேங்காயும் வாங்கிப் போட வேண்டுமே.

2024 மார்ச்சில் பாடசாலை உணவுத் திட்டம் ஆரம்பப் பிரிவு மாணவர் எல்லோருக்கும் விரிந்தது. அந்த விரிவு ஐந்தாம் தரத்தோடு நின்றது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதம் விடுமுறை. அந்த நாட்களில் பாடசாலைச் சோறு நிற்கும், பள்ளியில் கிடாரம் அடுப்பேறும்.