ஆற்றுமுகத்தை ஆள்வது யார்? சிலாங்கூர்த் துறைகளின் நிர்வாக வரலாறும் சுங்கை பெசாரின் தேவையும்

தஞ்சோங் காராங்கிலிருந்து செகிஞ்சான், சுங்கை பெசார் வழியாகச் சபாக் பெர்ணம் வரை சிலாங்கூரின் வட கரை சேறும் சதுப்புமாக நீள்கிறது. ஆழமான இயற்கைத் துறை இங்கே இல்லை. ஆற்றுமுகங்களே மீன்பிடிப் படகுகளுக்குத் துறை. நீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் கனமான படகுகள் கடலுக்குப் போகவும் திரும்பவும் முடியும்.

இப்படிப்பட்ட ஒரு துறைக்கு மேலாண்மைத் திட்டம் வகுப்பவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும்? சிலாங்கூரின் சொந்த வரலாறே இதற்கு நல்ல வழிகாட்டி. படகுத்துறை கட்டியதால் மட்டும் இந்த மாநிலத்தில் எந்தத் துறையும் வளர்ந்துவிடவில்லை. நீர், நிலம், நலவாழ்வு, வரி ஆகியவற்றின் பொறுப்பு ஒரு கையில் சேர்ந்தபோதுதான் வளர்ச்சி நிலைத்தது.

வரி வாங்கிய வாசல்

18ஆம் நூற்றாண்டில் கோல சிலாங்கூர் சுல்தான்களின் தலைநகராக இருந்தது. ஆற்றுமுகத்தைப் பார்த்து நிற்கும் மெலாவத்திக் குன்றைப் பிடித்தவர் கையில்தான் ஆற்று வணிகமும் இருந்தது. 1784இல் டச்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றி, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்பர்க் என்று அழைத்தனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். 1867இல் மூண்ட சிலாங்கூர் உள்நாட்டுப் போரிலும் கிள்ளான் ஆற்றில் இறங்கி வந்த ஈயத்தின் வரி யாருக்கு என்பது பெரிய வழக்காக இருந்தது.

அக்காலத்தில் துறையை நிர்வகிப்பது என்றால் வரி வசூலிப்பதுதான். ஆழத்தைப் பற்றியோ தொழிலாளியின் உடல்நலத்தைப் பற்றியோ பேச்சே எழவில்லை.

1901: காய்ச்சல் கற்பித்த பாடம்

1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1890இல் பாதை கிள்ளானைத் தொட்டது. ஆனால் ஆற்றின் வளைவுகளிலும் ஆழக்குறைவிலும் பெரிய கப்பல்கள் ஏறி வர முடியவில்லை. ஆகவே கிள்ளான் ஆற்றின் முகத்திலேயே புதிய துறை அமைக்கப்பட்டு, 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டது.

திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவியது. துறையிலும் ரயில்வேயிலும் வேலை செய்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்துவிட்டனர். துறையை மூடிவிடலாமா என்று அதிகாரிகள் யோசிக்கும் நிலை வந்தது. அப்போது கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், மருந்தோடு நிற்காமல் நிலத்தின் மீது கவனத்தைத் திருப்பினார். சதுப்புக்காடு வெட்டப்பட்டது, கடல்நீர் புகாதபடி கரையணை எழுந்தது, வடிகால்கள் தோண்டப்பட்டன. கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் 1901இல் 582 ஆக இருந்த மரணங்கள் 1902இல் 144 ஆகக் குறைந்தன.

மருத்துவரும் பொறியாளரும் நிர்வாகமும் ஒரே திட்டத்தின் கீழ் வேலை செய்ததால்தான் அந்தத் துறை பிழைத்தது. ‘மேலாண்மைத் திட்டம்’ என்ற பெயர் அப்போது அதற்கு இல்லை என்றாலும், சிலாங்கூர் கண்ட முதல் மேலாண்மைத் திட்டம் என்று அதையே சொல்லலாம்.

ரயில்வேயிடமிருந்து ஆணையத்திற்கு

பிறகு தோட்டங்களின் ரப்பர் இத்துறை வழியாகவே உலகச் சந்தைக்குப் போனது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜூலா கப்பல் தமிழர்களை இங்கேயும் இறக்கியது. அவர்களில் பலர் வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்குச் சென்றனர்.

துறையை நெடுங்காலம் நடத்தியது ரயில்வே நிர்வாகம். 1963இல் தனிச் சட்டத்தின் கீழ் துறைமுக ஆணையம் பொறுப்பேற்றது. 1972இல் பெயர் கிள்ளான் துறைமுகம் என்று மாறியது. 1973இல் கொள்கலன் முனையம் வந்தது. 1986இல் அந்த முனையம் தனியார்மயமானது. முனையங்கள் தனியார் கைக்குப் போனபோதும் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஆணையத்திடமே நின்றது. 2023இல், 20 அடிக் கொள்கலன் கணக்கில், 1.4 கோடிக்கும் அதிகமான பெட்டிகளை இத்துறை கையாண்டது.

வட கரையின் நிலை

சுங்கை பெசாரின் பாதை வேறு. 1930களில் தஞ்சோங் காராங் நெல் திட்டம் தொடங்கியபோது இக்கரையில் கால்வாய்களும் கரையணைகளும் மதகுகளும் எழுந்தன. கடல்நீர் ஏறும்போது மதகு மூடி வயலைக் காக்கும். இறங்கும்போது திறந்து வடிநீரை வெளியேற்றும். மூடிய மதகுக்கு வெளியே நீரோட்டம் தளரும்போது சேறு படிகிறது. உழவரைக் காக்கும் மதகு படகோட்டியின் வழியையும் தீர்மானிக்கிறது.

இப்படி நெருங்கிப் பிணைந்த ஒரே இடத்தைப் பல அலுவலகங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. மதகும் ஆற்றுமுகமும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவைச் சேர்ந்தவை. படகு உரிமம், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மீன்வள இலாகாவிடம் உள்ளது. இறங்குதுறை மேம்பாட்டுக்கு 1971இல் அமைந்த மலேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம் இருக்கிறது. நிலம் மாநில அரசுக்கு உரியது. நகரத் திட்டமிடல், 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மாவட்ட மன்றத்தின் வேலை. 2022இல் மாநில அரசு வெளியிட்ட முதலாம் சிலாங்கூர் திட்டம் சபாக் பெர்ணத்தை ஒரு வளர்ச்சி வட்டாரமாக அறிவித்தது. இவை அனைத்தையும் ஆற்றுமுகத்தில் ஒன்றுசேர்ப்பதற்கு அது நல்ல வாய்ப்பு.

அப்படி ஒரு திட்டம் வகுத்தால் அதில் சில உறுதியாக இடம்பெற வேண்டும். ஆழம் ஆண்டுதோறும் அளக்கப்பட்டு, தூர்வாரும் கால அட்டவணை முன்கூட்டியே வெளியாக வேண்டும். மதகு திறக்கும் நேரம் மீனவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஐஸ், எரிபொருள், கழிவெண்ணெய், மீன் ஏலம் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் ஒதுக்க வேண்டும். வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கு அத்துறையின் பராமரிப்புக்கே திரும்ப வேண்டும்.

சதுப்புக்காட்டுக்கும் எல்லை வகுக்க வேண்டும். 1901இல் உயிர் காக்க வெட்டப்பட்ட அந்தக் காடு, இன்று கரை அரிப்பைத் தடுக்கும் அரணாகவும் இறால் நண்டுகளின் நாற்றங்காலாகவும் மதிக்கப்படுகிறது. 1987இல் உருவான கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா, துறைக்கு அருகிலேயே அதைக் காக்க முடியும் என்பதற்குச் சான்று.

இவற்றை நடத்த, கிள்ளானைப் போன்ற பெரிய ஆணையம் சிற்றூர்த் துறைக்குத் தேவையில்லை. மாவட்ட அதிகாரியின் தலைமையில், மேற்சொன்ன இலாகாக்களும் மீனவர் சங்கமும் நெல் விவசாயிகளும் வாக்குரிமையோடு அமரும் நிரந்தரக் குழு ஒன்று போதும். சபாக் பெர்ணம் வட்டாரத் திட்டத்தை நிறைவேற்றுவோர், அடுத்த படகுத்துறைக்குக் கல் நாட்டும் முன் அந்தக் குழுவை அமைக்க வேண்டும்.