வழிநடையும் தலைத்துண்டும் – ஒரு வரலாற்று நோக்கு

கிருலப்பனைச் சந்தியில் ஹைலெவல் வீதி காலை ஏழு மணிக்கெல்லாம் நிரம்பிவிடுகின்றது. மோட்டார் சைக்கிளில் பொதி கொண்டு செல்லும் இளைஞர் பலர், கழுத்திலிருந்து மூக்கு வரை மூடும் குழாய் வடிவத் துணியொன்றை அணிந்து செல்வர். அதே வீதியோரத்தில் லொறியிலிருந்து மூட்டை இறக்கும் தொழிலாளியின் தலையில் ஒரு துண்டு சும்மாடாகச் சுருண்டிருக்கும். முன்னையது 1990களின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாப் பகுதியில் உருவாகி, மலையேறுவோராலும் மோட்டார் சைக்கிளோட்டிகளாலும் உலகெங்கும் பரவிய பண்டம். கழுத்துப்பட்டி, முகமூடி, தலைப்பட்டி, குல்லாய் எனப் பல வடிவு கொள்ளும் அது பயணிக்கு இன்றியமையாதது என விளம்பரங்கள் கூறுகின்றன. பின்னையதற்கு விளம்பரம் செய்வார் எவருமிலர். எனினும், ஒரே துணி பல கருவிகளாகும் என்ற கருத்து தமிழருக்குப் புதியதன்று. பல்லாயிரம் பேர் கடல் கடந்தும் காடு கடந்தும் நடந்தபோது அவர்தம் தோளில் இருந்த ஒரே பயணக் கருவி அத்துண்டேயாகும்.

இத்துணிக்கு வழங்கும் பெயர்களே ஒரு வரலாறு. முழுத் துணியினின்று துண்டிக்கப்பட்டமையால் அது துண்டு. உருமால் என்பது பாரசீகச் சொல். முகந் துடைப்பது என்பது அதன் பொருள். இலங்கைத் தமிழில் கைக்குட்டையைக் குறிக்கும் லேஞ்சி, உடல் துடைக்கும் துவாய் ஆகிய இரண்டும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. தமிழரின் தலைப்பா சிங்களத்தில் தலப்பாவ ஆயிற்று. ஆங்கிலத்தில் புள்ளியிட்ட கழுத்துத் துணியைக் குறிக்கும் பந்தனா என்ற சொல்லும், முடிச்சிட்டுச் சாயமேற்றும் இந்தியத் தொழிலின் பெயரினின்று பிறந்ததே. துணி எத்துறையில் இறங்கிற்றோ அத்துறையின் மொழியையும் உடன் கொண்டு வந்தது எனலாம்.

வரலாற்றாசிரியர் தலையணியைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் அதனை மதிப்பின் சின்னமாகவே நோக்குவர். அதற்குக் காரணமும் உண்டு. 1893இல் டர்பன் நகர நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றுமாறு பணிக்கப்பட்ட காந்தி அதனைக் கழற்றாது வெளியேறினார். 1905இல் கொழும்பில், துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்றிய வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதருக்கு விதிக்கப்பட்ட தடை, இலங்கை முஸ்லிம்களிடையே பெருங் கிளர்ச்சியை எழுப்பிற்று. இவை நினைவிற் கொள்ளத்தக்க நிகழ்ச்சிகளே. ஆயினும் நீதிமன்றத்துள் நுழையும் தலைகளைப் பற்றி எழுதப்பட்ட அளவிற்கு, வெயிலில் நடந்த தலைகளைப் பற்றி எழுதப்படவில்லை. கற்றோரின் தலைப்பாகை வரலாறாயிற்று. கூலியாளின் துண்டு வெறுந் துணியாகவே நின்றுவிட்டது.

அத்துண்டின் பயனை அறிய வடபாதையை நோக்குதல் வேண்டும். 1830களின் பின்னர் கண்டி மலைகளிற் கோப்பிப் பயிர்ச்செய்கை பரவியபோது, இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளினின்றும் மக்கள் கங்காணிமாரின் பின்னே புறப்பட்டனர். கடற்கரை வரை நடை; பின்னர் பாய்த்தோணியில் மன்னார்க் கரை; அங்கிருந்து வறண்ட காட்டினூடாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் மீண்டும் நடை. வழியில் நீர் அரிது. கிடைத்த நீரும் நல்லதன்று. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் கூட்டங் கூட்டமாக உயிர்களைக் கொண்டன. 1867இல் கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதை திறந்த பின்னும் வடபாதை நடை நீண்டகாலம் நிற்கவில்லை. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பற்சேவையும் திறக்கப்பட்ட பின்னரே அப்பயணம் இரும்புப் பாதையிற் சென்றது.

இந்நடையில் ஒருவன் கொண்டு வரக்கூடியது மிகச் சிலவே. மண்சட்டி உடையும், பெட்டி சுமையாகும். துண்டோ தனக்கென ஓர் எடை இல்லாதது. முற்பகலில் அது தலையைச் சுற்றிய முண்டாசு. வெயில் ஏறும்போது நீரில் நனைத்துக் கட்டினால், ஈரம் ஆவியாகுந்தோறும் நெற்றியின் வெப்பத்தை வாங்கிக் கொள்ளும். பருத்திநூல் நீரை விரைந்து உறிஞ்சி மெல்ல விடுவதால் இது இயலுகின்றது. புழுதி எழும்போது மூக்கை மூடும். சுமை ஏற்றும்போது முறுக்கி வளையமாக்கிய சும்மாடு. கட்டுச்சோற்றை முடியும் மூட்டையும் அதுவே. சில்லறையை மறைக்கும் முந்தியும் அதுவே. ஆற்றில் இறங்கினால் இடையிற் கட்டவும், கரையேறினால் துவட்டவும், இரவில் விரிக்கவும் அதுவே பயன்படும். குழந்தையுடையோர்க்குச் சேலை தூளியாகும். மரக்கிளை இருக்கும் இடமெல்லாம் வீடாகும். காயம் பட்டாற் கட்டு; கிணற்றுக் கயிறு எட்டாவிடின் அதனோடு முடியும் நீட்டம்.

நீரை வடிப்பதிலும் துணிக்கு ஒரு பங்கு உண்டு. ஒற்றைத் துணி சேற்றை நிறுத்துமேயன்றி நோயை நிறுத்தாது. எனினும், பங்களாதேசக் கிராமங்களில் ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வு, பல மடிப்பாக மடித்த பழைய பருத்திச் சேலையில் நீரை வடித்துப் பருகிய ஊர்களில் வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் காட்டிற்று. அவ்வாய்வு 2003இல் வெளியாயிற்று. வாந்திபேதிக் கிருமி நீரில் வாழும் நுண்ணிய மிதவையுயிர்களோடு ஒட்டியிருத்தலின், மடிப்புத் துணியில் அவ்வுயிர்கள் தங்கும்போது கிருமியும் தங்கிவிடுகின்றது. நைந்த பழந்துணி புதியதினும் நன்கு வடித்தது என்பதும் அவ்வாய்வின் முடிபு. வடபாதையின் இறப்புகளை நினைக்குந்தோறும், தோளிற் கிடந்த துணிக்கும் காக்கப்பட்டிருக்கக்கூடிய உயிர்களுக்கும் இடையே இருந்த தூரம் சில மடிப்புகளே என்பது மனத்தை வருத்துகின்றது.

மலை ஏறியபின் மழையும் குளிரும். அங்கே பருத்தித் துண்டு போதாது. தோட்டத்திற் கம்பளி வழங்கப்பட்டது. அதன் விலை தொழிலாளியின் கணக்கிற் கடனாக ஏறியது. கம்பளியை ஒரு முனையில் மடித்துத் தலையிற் கவிழ்த்தாற் கொங்காணி; முதுகும் தலையும் நனையாது கைகள் இரண்டும் வேலைக்கு விடுபடும். கொழுந்து கொய்யும் பெண்கள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டித் தொங்கவிடுவதால், கயிறு நெற்றியை அறுக்காதிருக்க மடித்த துணி தேவையாயிற்று. பயணக் கருவி இவ்வாறு தொழிற் கருவியாயிற்று.

இங்கே ஒரு வினா எழுகின்றது. வெயிலுக்குக் குடையும் காலுக்குச் செருப்பும் இருக்க, இம்மக்கள் ஏன் ஒரு துண்டை மட்டும் நம்பினர்? வறுமை என்று விடை கூறிவிடுதல் எளிது. ஆனால் அது முழு விடையன்று. 1930ஆம் ஆண்டு டிசெம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் நாட்டார்கள் ஆதி திராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் வெள்ளி அணியலாகாது, ஆடவர் இடைக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் ஆடை உடுத்தலாகாது, சட்டை கூடாது, பெண்கள் மார்பை மறைத்தலாகாது எனத் தொடர்ந்த அப்பட்டியலில், வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடித்தலாகாது, செருப்பு அணிதலாகாது என்பனவும் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை நெருங்கும் வேளையில் எழுந்த தடைகள் இவை. இலங்கைத் தோட்டங்களுக்குப் பெருந்தொகையான மக்களை அனுப்பிய மாவட்டங்களுள் இராமநாதபுரம் ஒன்று என்பதனையும் உடன் நோக்குதல் வேண்டும். குடையும் செருப்பும் பயணியின் கருவிகள். அவை மறுக்கப்பட்டோர்க்கு எஞ்சியது துண்டு. அத்துண்டும் முழுதும் அவர்க்குரியதாக இருக்கவில்லை. ஊரிற் பண்ணையாரின் முன்னும், தோட்டத்தில் துரையின் முன்னும் தலையிலிருந்து அவிழ்ந்து அது இடைக்கோ கக்கத்துக்கோ இறங்க வேண்டியிருந்தது. வெயிலைத் தடுக்கும் கருவி, அதிகாரத்தைக் கண்டவுடன் பணிவைக் காட்டும் கருவியாக மாறிற்று. தமிழ்நாட்டிற் சுயமரியாதை இயக்கத்தார் தோளில் துண்டு அணிவதனை ஓர் உரிமையாகவே கொண்டமை இப்பின்னணியிலேயே பொருள்படும்.

துண்டு என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் இன்னொரு பொருளும் இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்புவோரின் கடன் இவ்வளவு, அதனைக் கட்டினால் ஆட்களை விடுவோம் என்று துரை எழுதித் தரும் சீட்டுக்கும் துண்டு என்றே பெயர். புதிய தோட்டம் அக்கடனைக் கட்டி ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். கடன் மட்டும் தொழிலாளியை விட்டு நீங்காது. 1921இல் சட்டத்தின் மூலம் இம்முறை ஒழிக்கப்பட்டது. ஒரு துண்டு தோளிற் கிடந்து நடையை எளிதாக்கிற்று. மற்றொரு துண்டு கங்காணியின் கையிலிருந்து நடையைத் தடுத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்த தகரச் சீட்டு கழுத்தில் தொங்கிற்று; அதில் எண் இருந்தது, பெயர் இல்லை.

துணி மட்டும் தனியே சென்ற பயணங்களும் உண்டு. ஒல்லாந்தர் 1610இல் பழவேற்காட்டில் தளம் அமைத்து, பின்னர் கெல்த்திரியா என்ற கோட்டையையும் கட்டினர். சோழமண்டலக் கரையின் நெசவுத்துணி அங்கிருந்து தென்கிழக்காசியாவுக்குச் சென்றது; அவ்வூரின் பெயராலேயே மலாய் மக்கள் கட்டமிட்ட துணியைப் பெலெக்காட் என்றனர். சென்னைக் கைக்குட்டை என்று வணிகர் அழைத்த கட்டத்துணி, ஒரு கெச அளவான சதுரங்கள் எட்டு இணைந்த துண்டமாக நெய்யப்பட்டு ஆங்கிலேயக் கப்பல்களில் மேற்காபிரிக்காவுக்குச் சென்றது. நைஜர்க் கழிமுகத்துக் கலபாரி மக்கள் அதனை இஞ்சிரி என்றனர். பிறப்பிலும் இறப்பிலும் அதனைப் பயன்படுத்துகின்றனர். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைப்பட்ட ஆபிரிக்கப் பெண்கள் தலையிற் கட்டியதும் அத்துணியே. 1786இல் லூயிசியானாவின் ஸ்பானிய ஆளுநர் மீரோ, கறுப்பினப் பெண்கள் கூந்தலை மறைத்துக் கட்டவேண்டும் என ஆணையிட்டார். அவர்களைத் தாழ்த்துவதே நோக்கம். அப்பெண்களோ சென்னைக் கட்டத்துணியை நிறமும் உயரமும் விளங்க எடுத்துக் கட்டினர். தாழ்வின் அடையாளம் அழகின் அடையாளமாயிற்று. 1853இல் மார்த்தினிக் தீவிலும் மறு ஆண்டு குவாதலூப்பிலும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் இறங்கியபோது, தம் கரையில் நெய்த துணி தமக்கு முன்னரே அங்கு வந்திருந்ததை அவர்கள் கண்டிருத்தல் வேண்டும்.

இனி, குழாய் வடிவம். தைக்காத துண்டுக்கும் மூட்டிய குழாய்க்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. குழாய்த்துணிக்கு முடிச்சு வேண்டா, காற்றில் அவிழாது, தலைக்கவசத்தின் உள்ளே புடைக்காது. வேகமாகச் செல்லும் வாகனத்தில் இவை பெரிய நன்மைகள். ஆனால் சோறு முடியவோ, தூளி கட்டவோ, கயிறாக நீட்டவோ அதனால் இயலாது. துண்டின் பல்பயன் அதன் நான்கு முனைகளில் இருக்கின்றது. முனையை மூட்டியவுடன் பயன்களும் சுருங்குகின்றன. எனினும் மூட்டிய துணியைப் பயணக் கருவியாகக் கொள்ளும் வழக்கு இலங்கையில் முன்னரே உண்டு. மலாய்ச் சொல்லான சாரோங் உறை என்ற பொருளுடையது. அதுவே தமிழிற் சாரம் ஆயிற்று. மூட்டிய சாரம் ஓர் ஆள் உயரக் குழாயேயன்றி வேறில்லை. யாழ்ப்பாணத்துக்கு இரவுப் புகையிரதத்தில் செல்வோர் பெட்டியில் முதலில் வைப்பது ஒரு சாரம். அதனுள் நின்று உடை மாற்றலாம், கிணற்றடியிற் குளிக்கலாம், தலைவரை இழுத்துப் போர்த்து உறங்கலாம், ஒரு வாயை முடிந்தாற் சாக்கு. கட்டலோனியாவிலிருந்து வந்த கழுத்துக் குழாய், அளவிற் சுருங்கிய சாரம் என்று கூறினால் மிகையாகாது. பழவேற்காட்டுத் துணி மலாய் நாட்டிற் சாரமாகிக் கொழும்புக்கு வந்ததனை எண்ணினால், இப்புதிய பண்டத்துக்கும் பழைய உறவினர் இங்கேயே உளர்.

கிருலப்பனையின் மேற்கெல்லையை ஒட்டிய ஹவலொக் வீதியில், 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இயங்கி வந்தது. அதன் தொழிலாளருள் இந்தியாவிலிருந்து வந்தோர் மிகுதி. 1933இல் அங்கு நிகழ்ந்த வேலைநிறுத்தத்திற் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் தொழிலாளர்க்குத் துணை நின்றனர். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். ஆலையின் நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. அக்கட்டடங்களுக்குச் சீமெந்தும் கல்லும் சுமந்தோரின் தலைகளிலும் சும்மாடு இருந்தது.