பேரிடர் ஆண்டு: 1672இல் நெதர்லாந்து

சில ஆண்டுகள் வரலாற்றில் எண்ணால் மட்டுமன்றிப் பெயராலும் வழங்குதல் உண்டு. நெதர்லாந்து மக்கள் 1672ஆம் ஆண்டைப் 'பேரிடர் ஆண்டு' என்பர். அவ்வாண்டில் மக்கள் மதியிழந்தனர், ஆள்வோர் வழியறியாது திகைத்தனர், நாடு மீட்சியற்றது என்பது அந்நாட்டு வழக்குமொழி. இது மூவர்மீதும் குறையைச் சமமாகப் பகிர்கின்றது. அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் நிகழ்ச்சிகளை நோக்குவோம். ஏழு மாநிலங்கள் இணைந்த அக்குடியரசின்மீது ஏப்பிரல் திங்களில் பிரான்சும் இங்கிலாந்தும் போர் தொடுத்தன. மூன்ஸ்டர் ஆயரும் கொலோன் பேராயரும் அவற்றுடன் சேர்ந்தனர். சூன் 7ஆம் நாள் சோல்பே கடற்போரில் டி ராய்ட்டர் பகைவரின் கூட்டுக் கடற்படையைத் தாக்கித் தடுத்தார். தளபதி வான் கெண்ட் அப்போரில் மாண்டார். ஆயின் தரையில் நிலை வேறு. சூன் 12இல் பதினான்காம் லூயியின் படை ரைன் ஆற்றைக் கடந்தது. அத்திங்களிலேயே உட்ரெக்ட் நகரம் பணிந்தது. ஒல்லாந்து மாநிலத்தைக் காத்தது நீரே. மதகுகளைத் திறந்தும் கரைகளை வெட்டியும் வயல்களில் வெள்ளம் பாய்ச்சினர். காலாட்படை நடக்க அந்நீர் மிகுதி; கப்பல் செல்லப் போதாது. விளைநிலம் மூழ்கக் கண்ட உழவர் எதிர்த்தமையால் இப்பணி எளிதில் முற்றவில்லை.

கடற்படை சிறந்திருக்கத் தரைப்படை நலிந்தது ஏன்? 1650க்குப் பின் ஒல்லாந்தை ஆண்ட நகரத் தலைவர்கள், ஆரஞ்சுக் குடியினர் படைத்தலைமை பெற்று ஓங்குவர் என அஞ்சினர். வாணிகத்துக்கு அரணான கப்பல்களைப் பேணினர், தரைப்படையைப் புறக்கணித்தனர். ஆயுள் ஆண்டுத்தொகையைக் கணிதத்தால் மதிப்பிட்டு 1671இல் நூல் எழுதிய அறிஞரும் அரசின் தலைவருமான யோகான் டி விட்டையும் இக்குறை சாரும்.

சூலையில் ஆரஞ்சு இளவரசர் மூன்றாம் வில்லியம் ஆட்சித்தலைமை எய்தினார். ஆகஸ்டு 4இல் டி விட் பதவி துறந்தார். அவர் தமையன் கொர்னேலிசு, சோல்பேப் போரில் கலந்துகொண்டவர். அவர் இளவரசரைக் கொல்லச் சூழ்ந்தார் எனத் திக்கெலார் என்னும் அறுவை மருத்துவன் குற்றஞ்சாட்டினான். வதைத்தும் கொர்னேலிசு குற்றத்தை ஒப்பவில்லை. ஆயினும் நாடுகடத்தத் தீர்ப்பாயிற்று. ஆகஸ்டு 20இல் அவரைக் காண யோகான் ஹேக் நகரச் சிறைக்குச் சென்றார். காவல் நின்ற குதிரைப்படை அகற்றப்பட்டது. கும்பல் இருவரையும் வெளியே இழுத்துக் கொன்று உடல்களைச் சிதைத்தது.

இதனை மக்களின் மதியிழப்பு என்று மட்டும் கூறல் அமையுமா? இளவரசர் ஏவினார் என்பதற்குச் சான்றில்லை. எனினும் அவர் கொலைஞரைத் தண்டிக்கவில்லை. திக்கெலார் பரிசும் பெற்றான். எனவே வழக்குமொழி பயன்பெற்றோரை மறைக்கின்றது என்க.

நாடு மீட்சியற்றது என்பதும் முழுதும் மெய்யன்று. குரோனிங்கன் நகர முற்றுகை ஆகஸ்டிலேயே முறிந்தது. ஆண்டிறுதியில் உறைபனிமேல் வந்த பிரெஞ்சுப் படை போடகிராவன் ஊரை எரித்ததாயினும், 1673இல் உட்ரெக்டை விட்டு நீங்கியது. இப்போரின் அலை தமிழகக் கரையையும் எட்டியது. 1672இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய மயிலைச் சாந்தோமை, கோல்கொண்டாவும் ஒல்லாந்தரும் சேர்ந்து 1674இல் மீட்டனர்.

நாடு மீண்டது, டி விட் உடன்பிறந்தாருக்கு நீதி மீளவில்லை. அவ்வாண்டின் பேரிடர்களுள் இதுவே தீராதது என்பது நம் துணிபு.