தகுதி யாருக்கு? அமெரிக்கப் பஞ்சாலைக் கறுப்பர்களும் ஒரு நிவாரணச் சட்டமும்

எங்கப்பா பதினோரு வருஷம் பஞ்சாலையில் பதிலித் தொழிலாளி. கோவைப் பக்கத்து ஆலை. பஞ்சு உடைக்கிற புளோரூமில்தான் வேலை. எங்கள் தெருக்காரர்கள் அந்த ஆலைக்குள் கால் வைத்த நாளிலிருந்து புளோரூமைத் தாண்டி நூற்பு எந்திரம் வரைக்கும் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆலையை மூடியபோது இழப்பீட்டுக் கணக்குப் பார்த்த எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால்தான் அந்த வருஷம் கணக்கில் வரும், உங்களுக்கு ரெண்டு வருஷம்தான் தேறுது, மத்ததுக்குத் தகுதி இல்லை என்றார். மிச்சம் ஒன்பது வருஷம் எங்கே போச்சு என்று அப்பா கேட்கவில்லை. இருமிக்கொண்டே கைநாட்டு வைத்துவிட்டு வந்தார்.

தகுதி, திறமை என்று சொல்லி நம்மைப் படிப்பிலிருந்தும் உத்தியோகத்திலிருந்தும் தள்ளி நிறுத்துவது பழைய கதை. அந்தச் சண்டையை நாம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் வேலை இழந்தவன் என்று சொல்லிக்கொள்வதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு எந்த நிவாரணச் சட்டத்தைப் படித்தாலும் நான் முதலில் பார்ப்பது எவ்வளவு தருகிறார்கள் என்பதை அல்ல, யாரைத் தகுதியானவர் என்கிறார்கள் என்பதைத்தான். அப்படிப் படித்தவற்றில் ஒன்று அமெரிக்காவில் 1962இல் வந்த சட்டம். வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்ததால் வேலை போனவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகையும் தொழிற்பயிற்சியும் தருகிற ஏற்பாடு. வர்த்தகச் சீரமைப்பு உதவி என்று பெயர். அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’யை அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அந்தப் பக்கம் பார்ப்பது நமக்குப் புதுப் பழக்கமல்ல.

சும்மா சொல்லக்கூடாது, சட்டத்தின் அடிப்படை நியாயம் நல்ல நியாயம். சுங்க வரியைக் குறைத்தால் நாட்டுக்கு லாபம் என்று அரசாங்கம் முடிவு செய்கிறது. அந்த முடிவால் சிலருக்கு வேலை போகிறது. எல்லோருக்கும் லாபம் என்றால் நஷ்டத்தை மட்டும் சிலர் தலையில் ஏன் கட்டுவது? 1954இல் எஃகுத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் மெக்டொனால்ட் இந்தக் கேள்வியை அரசு ஆணையம் ஒன்றின் உறுப்பினராக இருந்து எழுப்பினார். எட்டு வருஷம் கழித்து கென்னடி கொண்டுவந்த வர்த்தக விரிவாக்கச் சட்டத்தில் அது இடம்பெற்றது. கொடுப்பது பிச்சையல்ல, ஈடு என்பதை அரசாங்கமே ஒத்துக்கொண்டது. அந்த அளவில் பெரிய விஷயம்தான்.

ஆனால் தகுதிப் பிரிவைப் பாருங்கள். இறக்குமதி கூடியதற்குப் பிரதான காரணம் வரிச் சலுகையாக இருக்க வேண்டும். வேலை போனதற்குப் பிரதான காரணம் அந்த இறக்குமதியாக இருக்க வேண்டும். இரண்டையும் சுங்க ஆணையத்தின் முன் நிரூபிக்க வேண்டும். ஆலை மூடிய வீட்டில் அடுப்பெரியாதது மட்டும்தான் நிரூபணம். அதை யார் ஏற்றார்கள்? 1969 நவம்பர் வரைக்கும், அதாவது ஏழு வருஷம், ஒரே ஒரு தொழிலாளிக்குக்கூடத் தகுதிச் சான்று கிடைக்கவில்லை. சவ அடக்கத்துக்கான இன்ஷூரன்ஸ் என்று தொழிற்சங்கத்தார் இந்தச் சட்டத்தைக் கேலி செய்தார்கள்.

1974இல் போட்ட வர்த்தகச் சட்டம் வாசலை அகலமாக்கியது. வரிச் சலுகையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை. இறக்குமதி ஒரு முக்கியக் காரணமாக இருந்தால் போதும், மற்றக் காரணங்களைவிடப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மூன்று தொழிலாளிகள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்கலாம். பழைய கூலியில் 70 சதவீதம் வரை 52 வாரத்துக்குக் கிடைக்கும். 1980இல் கார் ஆலைகளில் ஆட்குறைப்பு நடந்தபோது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் உதவி வாங்கினார்கள். செலவு சுமார் 160 கோடி டாலர். மறுவருஷமே ரீகன் அரசாங்கம் கத்தரிக்கோலை எடுத்துவிட்டது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். 1974இல் வாசல் அகலமானபோது தெற்கு மாநிலங்களின் பஞ்சாலைக்குள் யார் இருந்தார்கள்? எத்தனை காலமாக இருந்தார்கள்?

பருத்தியை விதைத்ததும் பறித்ததும் கறுப்பர்கள். முதலில் அடிமைகளாக, அப்புறம் வாரக் குடிகளாக. ஆனால் அந்தப் பருத்தி ஆலைக்குள் போய் நூலாகவும் துணியாகவும் மாறுகிற இடத்தில் அவர்களுக்கு வேலை கிடையாது. ஆலை வேலை என்றால் ஏழை வெள்ளையர் வேலை. இது வெறும் வழக்கமாக மட்டும் இருக்கவில்லை, சட்டமாகவே எழுதப்பட்டது. தெற்கு கரோலினா மாநிலம் 1915இல் போட்ட சட்டப்படி, பஞ்சாலையில் இரு இனத்தாரும் ஒரே அறையில் வேலை செய்யக்கூடாது. ஒரே நேரத்தில் ஒரே வாசலில் நுழையக்கூடாது, ஒரே படிக்கட்டில் ஏறக்கூடாது, ஒரே ஜன்னலில் கூலி வாங்கக்கூடாது. ஒரே கக்கூஸ் கூடாது. ஒரே தண்ணீர் வாளி, ஒரே குவளை கூடாது.

குவளை. டீக்கடை பெஞ்சில் தனிக் குவளையில் குடித்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்தச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. தரை கழுவுகிறவர்கள், கக்கூஸ் சுத்தம் செய்கிறவர்கள், பாய்லர் அறையில் உதவியாளாக நெருப்பு போடுகிறவர்களுக்குத் தடை பொருந்தாது. தீட்டு எங்கே நின்று எங்கே வழிவிடும் என்பதை அந்த ஊர்ச் சட்டமன்றமும் நம்ம ஊர்ப் பண்ணையார் மாதிரியே துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தது. இவை போக, பஞ்சுப் பொதியைத் தூக்குவது, பிரித்து உடைப்பது, தூசி மண்டிய முன்கட்ட வேலைகள் கறுப்பு ஆண்களுக்கு விடப்பட்டன. பெண்களுக்கு அதுவும் இல்லை. வெள்ளைக்காரத் தொழிலாளி ஆலைக்குப் போகிற நேரத்தில் அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற வேலைதான்.

1960இல் பஞ்சாலைத் தொழிலாளர்களில் கறுப்பர் 3.3 சதவீதம். 1964 சிவில் உரிமைச் சட்டம் வேலையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. அப்போதும் கதவு தானாகத் திறக்கவில்லை, வழக்குப் போட்டுத்தான் திறந்தார்கள். வடக்கு கரோலினாவில் கோன் மில்ஸ் கம்பெனியின் ஓர் ஆலைமீது கறுப்புப் பெண்கள் தொடுத்த வழக்கில் 1969இல் தீர்ப்பு வந்தது. அதே வருஷம் மத்திய அரசு கேனன் மில்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. வேலையில் மட்டுமல்ல, கம்பெனி வீடு கொடுப்பதிலும் பாகுபாடு என்று. 1978இல் கறுப்பர் பங்கு 25 சதவீதமாக உயர்ந்திருந்தது. பதினெட்டு வருஷத்தில் நடந்த இந்த மாற்றத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. வயக்காட்டிலும் வீட்டு வேலையிலும் கிடந்தவர்கள் முதல்முறையாக வாரச் சம்பளம் வாங்கினார்கள்.

அதே வருஷங்களில்தான் ஆசியாவிலிருந்து துணியும் தைத்த உடையும் பெருவாரியாக வந்திறங்கின. துணித் தொழிலைக் காப்பாற்று என்று வாஷிங்டனில் முழங்கிய தெற்கத்தி செனட்டர்கள் ஸ்டிராம் தர்மண்டும் சாம் எர்வினும் 1964 சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்கள். அவர்கள் காப்பாற்றச் சொன்ன ஆலை எந்த ஆலை என்று எனக்குச் சந்தேகமில்லை.

சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நாட்கணக்கு இருந்தது. வேலை போவதற்கு முந்தைய 52 வாரத்தில் குறைந்தது 26 வாரமாவது அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். மனுக் கொடுத்த தேதிக்கு ஓராண்டுக்கு முன்னால் நீக்கப்பட்டிருந்தால் தகுதி இல்லை. ஆர்டர் குறையும்போது முதலில் வெளியே போவது கடைசியாக வந்தவன். ஆலை மூச்சுத் திணறி, வெள்ளைத் தொழிலாளிக்கும் சூடு பட்டு, மனு எழுதி அனுப்புகிற நேரத்தில் கடைசியாக வந்தவன் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தால் அவன் வேலை இழந்தவனே இல்லை. இந்த 26 வாரக் கணக்கை அப்பாவிடம் சொன்னேன். “அதென்ன கண்ணு, நாளாக்கிச் சொல்லு” என்றார். 182 நாள் என்றேன். “நம்மளதுக்கு அது பரவால்லயே” என்றார்.

இன்னொரு நுணுக்கம். உதவி கிடைப்பது வேலை இல்லாததால் நீக்கப்பட்டவருக்கு. நோயில் நின்றவருக்கு அல்ல. பஞ்சுத் தூசி நுரையீரலில் படிந்து வருகிற நோயைப் பழுப்பு நுரையீரல் என்பார்கள். பஞ்சு உடைக்கிற அறையிலும் கார்டிங் அறையிலும்தான் அது கடுமை. கறுப்பு ஆண்களுக்கு ஆதிகாலம் தொட்டு ஒதுக்கப்பட்ட இடம் அதுதானே. தூசிக்கு அரசாங்கம் வரம்பு வைத்தது 1978இல். முதலாளிகள் வழக்குப் போட்டு 1981இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். அதற்குள் மூச்சு வாங்கி வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்களுக்கு இறக்குமதிச் சட்டத்தில் இடமில்லை. தூய்மைப் பணியும் காவலும் வேறு கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் விடப்பட்டிருந்தால், அந்தச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்களுக்கும் பொதுவாக இதே கதிதான். ஆலை மூடினால் அவர்கள் கழுவிய தரையும்தான் மூடுகிறது.

விசாரணை எப்படி நடந்தது தெரியுமா? தொழிலாளர் துறை கம்பெனிக்கு வினாத்தாள் அனுப்பும். கம்பெனியிடம் சரக்கு வாங்கியவர்களுக்கும் அனுப்பும். வெளிநாட்டுச் சரக்கு வாங்கினீர்களா, எவ்வளவு? பதிலைப் பொறுத்து முடிவு. துரத்தியவன் வாக்குமூலத்தில்தான் துரத்தப்பட்டவன் தகுதி தொங்கிக்கொண்டிருந்தது. அரைகுறை விசாரணைக்காகப் பன்னாட்டு வர்த்தக நீதிமன்றம் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் துறையைப் பலமுறை கண்டித்தது.

கேனன் மில்ஸ் இருந்த ஊர் கன்னாபொலிஸ். கம்பெனியே கட்டிய ஊர். 1984 வரைக்கும் ஊருக்கென்று நகராட்சிகூட இல்லை. துண்டும் படுக்கை விரிப்பும் நெய்தார்கள். 1982இல் டேவிட் மர்டாக் என்ற பணக்காரர் வாங்கினார். ஓய்வூதிய நிதியை ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் மாற்றினார். 1991இல் அது திவாலாகி, ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் வெட்டுப்பட்டது. அதற்குள் அவர் ஆலையை விற்றுவிட்டுப் போயிருந்தார். கடைசியாக வந்த உரிமையாளர் பில்லோடெக்ஸ். பலமுறை தோற்ற பிறகு 1999இல் தொழிலாளர்கள் வாக்கெடுப்பில் ஜெயித்துச் சங்கம் அமைத்தார்கள். நாலே வருஷம். 2003 ஜூலை 30 அன்று கம்பெனி எல்லா ஆலைகளையும் மூடியது. வடக்கு கரோலினாவில் மட்டும் 4,800 பேருக்கு மேல் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். அந்த மாநில வரலாற்றில் அதுவரை அப்படி ஓர் ஆட்குறைப்பு நடந்ததில்லை.

இந்த முறை தகுதிச் சான்று கிடைத்தது. கிடைத்ததும் அடுத்த வாசல். 1981க்குப் பிறகு இந்தத் தொகை சாதாரண வேலையில்லாப் படி அளவுக்குக் குறைந்து, அது தீர்ந்த பிறகே வந்தது. 1988 முதல், பயிற்சியில் சேர்ந்தால்தான் தொகை. 2002 திருத்தப்படி வேலை போன 16 வாரத்துக்குள், அல்லது சான்று கிடைத்த எட்டு வாரத்துக்குள் சேர்ந்தாக வேண்டும். பதினாறு வயதில் ஆலைக்குள் போய், பள்ளியை முடிக்காமல், முப்பது வருஷம் தறி பார்த்த ஐம்பது வயதுப் பெண் ரோவன்-கபேரஸ் சமுதாயக் கல்லூரி வாசலில் பள்ளி இறுதித் தேர்வுக்குப் பெயர் கொடுக்க நின்றாள். மருத்துவக் காப்பீட்டுக்கு அரசு 65 சதவீதம் தரும். மீதி 35 சதவீதம் கையிலிருந்து கட்ட வேண்டும். சம்பளமே இல்லாதவர் எதிலிருந்து கட்டுவது?

இதில் என் நிலைப்பாடு கொஞ்சம் குழப்பமானதுதான். படிப்புக் கொடுக்கிற ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். படிப்பு மறுக்கப்பட்டவர்களுக்கு ஐம்பது வயதில் கிடைத்தாலும் அது படிப்புதான். அங்கே சிலர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறவும் செய்தார்கள். ஆனால் மெக்சிகோ எல்லையில் எல் பாசோ நகரத்தில் ஜீன்ஸ் தைத்த ஆயிரக்கணக்கான ஸ்பானிய மொழிப் பெண்கள் 1990களில் இதே பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். ஆங்கில வகுப்பில் மாசக்கணக்கில் உட்கார வைத்தார்கள். முடித்தபோது பெரும்பாலானவர்களுக்கு வேலைக்குப் போதுமான ஆங்கிலமும் இல்லை, வேலையும் இல்லை. பெண் தொழிலாளர் அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடின. ஆலை போனது கொள்கையால். ஆனால் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்ததும் குறை தொழிலாளியின் மூளையில் இருப்பதாகிவிடுகிறது. நாம் முன்பே கேட்ட குரல் இது.

கன்னாபொலிஸ் ஆலையின் புகைபோக்கிகளை 2006இல் வெடி வைத்துச் சாய்த்தார்கள். அந்த இடத்தில் உயிர்த் தொழில்நுட்ப ஆராய்ச்சி வளாகம் வந்தது. கட்டியவர் அதே மர்டாக்.

சட்டம் பிறகு கொஞ்ச காலம் அகன்றது. 2009இல் சேவைத் துறை ஊழியர்களையும் சேர்த்தார்கள். பொருள் செய்கிறவனுக்குத்தான் தகுதி, கணிப்பொறியில் வேலை செய்கிறவனுக்கு இல்லை என்ற பழைய சச்சரவு அத்தோடு ஓய்ந்தது. அப்புறம் சுருங்கியது, மறுபடி அகன்றது, மறுபடி சுருங்கியது. அமெரிக்க நாடாளுமன்றம் கெடுவை நீட்டிக்காததால் 2022 ஜூலை 1 முதல் புது மனுக்களை விசாரித்துச் சான்று வழங்கும் அதிகாரம் தொழிலாளர் துறைக்கு இல்லாமல் போனது. முன்பே சான்று பெற்றவர்களுக்கு மட்டும் உதவி தொடர்ந்தது. அந்தத் தேதிக்குப் பிறகும் ஆலைகள் மூடின, மூன்று பேர் கையெழுத்துப் போட்ட மனுக்களும் வந்தன. அவற்றை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரிக்கவில்லை.