தேநீர் ஆசானின் கடிதங்கள்

ஜப்பானில் தேநீர் ஆசான் என்றால், விருந்தினருக்குத் தேநீர் கலக்கிக் கொடுப்பவர் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அவர் ஆட்சியாளர்களுக்கு மிக நெருக்கமானவர். அந்த நெருக்கமே பலருக்கு வினையாகவும் முடிந்தது. சென் நோ ரிக்யு, 1591இல் ஹிதெயோஷியின் ஆணைப்படி தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். அவருடைய மாணவர் ஃபுருத்தா ஒரிபேக்கும் 1615இல் அதே கதிதான். ஒரிபேயிடம் பயின்ற கொபோரி என்ஷு (1579–1647) மட்டும் முதுமை கண்டு, இயற்கையாகக் கண் மூடினார்.

என்ஷு ஒரு சிற்றரசர். தொக்குகாவா அரசின் கட்டடப் பணிகளை மேற்பார்வையிட்ட அதிகாரியும்கூட. கியோத்தோவில் எங்கு பழைய தோட்டத்தைப் பார்த்தாலும் "இது என்ஷு அமைத்தது" என்று சொல்வது பிற்காலத்தில் வழக்கமாகிவிட்டது. ஊருக்கு ஊர் ஒரு கோயிலைக் காட்டிச் சோழர் கட்டியது என்று நாம் சொல்வதில்லையா, அதைப் போலத்தான்! ஆனால், சான்று உண்டா என்று கேட்டால் பெரும்பாலானவை நிற்பதில்லை.

ஐயமின்றி நிற்பது, நான்சென்ஜி ஆலய வளாகத்திலுள்ள கொஞ்சி-இன் தோட்டம். அதைக் கேட்டவர் இஷின் சூடென் என்ற சென் துறவி. துறவி என்றாலும் அரசின் சட்டதிட்டங்களை எழுதிக் கொடுத்தவர். அரசுப் பணி அவரை எடோவுக்கு இழுத்தது, தோட்டமோ கியோத்தோவில். ஆகவே எல்லாம் கடிதத்தில்தான் நடந்தாக வேண்டும். சூடென், வந்த கடிதம், போன கடிதம் அனைத்தையும் தம் நாட்குறிப்பில் பதிந்து வைத்தார். அந்தப் பழக்கம்தான் இன்று வரலாற்றுக்குக் கைகொடுக்கிறது. 1627 வாக்கில் எழுந்த திட்டம் 1632இல் நிறைவேறியது வரை அதில் தெரிகிறது.

தோட்டத்தில் தண்ணீர் கிடையாது. வெண்சரளைக் கற்களே கடல். வலப்புறம் கொக்கு, இடப்புறம் ஆமை; இரண்டும் பாறைகளால் ஆனவை, நீண்ட ஆயுளின் சின்னங்கள். நடுவில் அகன்ற தட்டைக் கல் ஒன்று. அதுதான் வணக்கக் கல். 1628இல் அதே வளாகத்தில் இயெயாசுவுக்கு எழுப்பிய சன்னதியை நோக்கி வழிபடுவதற்காக அது அமைந்தது. அழகுக்காக மட்டும் போட்ட கல்லன்று. ஆளும் குடும்பத்தின் ஆயுள் நீள வேண்டும் என்ற வேண்டுதல். இரண்டு ஆசான்களை அதிகாரம் பலிகொண்ட மரபில் வந்தவர், அதே அதிகாரம் நீடிக்கக் கல் வைத்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கல்லை இழுத்து நிறுத்தியவர் என்ஷு அல்லர். கெந்தெய் என்ற கைதேர்ந்த தோட்டக்காரரே வேலையை நடத்தினார். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் இத்தொழிலில் இருந்த பலர், ஆற்றங்கரை மக்கள் என்று சமுதாயம் ஒதுக்கி வைத்தவர்கள். அவர்களின் பெயர்கள் பெரும்பாலும் ஏட்டில் ஏறவே இல்லை. கெந்தெய் பெயராவது நமக்குக் கிடைத்திருக்கிறது.

கட்சுரா அரண்மனைத் தோட்டமும் நெடுங்காலம் என்ஷு பெயரிலேயே வழங்கிவந்தது. அதற்கு இத்தகைய சான்று இல்லை. அவர் நேரடியாக அமைக்கவில்லை, அவருடைய பாணியின் செல்வாக்கு இருக்கலாம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

தோட்டம் முடிந்த மறு ஆண்டே, 1633இன் தொடக்கத்தில், சூடென் எடோவில் காலமானார். என்ஷுவின் கடிதங்களையோ பிற்காலத்தவர் சுருள் ஓவியம்போல் ஒட்டி, தேநீர் அறையின் மாடத்தில் தொங்கவிட்டார்கள்.