எல்லைப்புறப் பள்ளியும் ஜில்லா போர்டும்

ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகுகிறது. ஓடு மாற்ற வேண்டும். நான்காம் வகுப்போடு நின்றுவிட்ட பள்ளியில் ஐந்தாம் வகுப்புத் தொடங்க வேண்டும். தமிழ் பயிலும் பிள்ளைகளுக்குத் தமிழாசிரியர் ஒருவர் வேண்டும். இவற்றை யாரிடம் சென்று கேட்பது? தாயகத்தில் வாழ்வோர்க்கு இக்கேள்வி சிறியதாகத் தோன்றலாம். வேற்று மொழி வழங்கும் மாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அது சிறியதன்று. இதே கேள்விக்குப் பாலக்காட்டு எல்லைப்புறமும் தேவிகுளம் மலைப்புறமும் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைக் கண்டன. அவற்றை முறைப்படி எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதல் விடை பழைய சென்னை மாகாணத்தில் பிறந்தது. 1863-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஊரார் தமக்குத் தாமே வரி விதித்துக்கொண்டு பள்ளி நடத்த வழி செய்தது. அத்தகைய வரிப் பள்ளி ஒன்று 1866-இல் பாலக்காட்டில் தோன்றியது. 1888-இல் கல்லூரியாக உயர்ந்து, 1919-இல் அரசின் பொறுப்புக்கு வந்த அதுவே இன்றைய அரசு விக்டோரியா கல்லூரி. அதன் வேர் ஊரார் கொடுத்த வரிப்பணத்தில் இருக்கிறது என்பதை நினைவிற் கொள்ளுதல் தகும்.

ஊர்தோறும் இவ்வாறு பணம் திரட்டுவது எளிதன்று. எனவே 1871-இல் ஸ்தல நிதிச் சட்டமும், ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்தை ஒட்டி 1884-இல் ஸ்தல போர்டுச் சட்டமும் வந்தன. சாலை, சத்திரம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றை ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் கவனித்தன. 1920-இல் இரு சட்டங்கள் இம்முறைக்கு வலிமை ஊட்டின. ஸ்தல போர்டுச் சட்டம் தேர்தலுக்கு இடத்தை விரிவாக்கியது. ஆரம்பக் கல்விச் சட்டம் கல்வி வரி விதிக்கவும் இடமளித்தது. அன்று வாக்குரிமை வரி செலுத்துவோர்க்கே உரியதாயிருந்தது. ஏழைக் குடியானவனுக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் அதிற் பங்கில்லை. எனினும் கேள்விக்கு விடை தெளிவாயிற்று. பள்ளிக்கு ஆசிரியர் வேண்டுமென்றால் போர்டு அங்கத்தினரிடம் கேட்கலாம்; அவர் செவிசாய்க்காவிடில் அடுத்த தேர்தலில் வேறொருவரை நிறுத்தலாம்.

பாலக்காடு அந்நாளில் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. மலபார் ஜில்லா போர்டின் தலைமையிடம் கோழிக்கோடு. 1934-இல் தாலுகா போர்டுகள் நீக்கப்பட்ட பின், ஊர்ப்புறப் பள்ளிகளின் சுமை பெரிதும் ஜில்லா போர்டின் தோளில் விழுந்தது. கேரள காந்தி என்று போற்றப்பட்ட கே. கேளப்பன் இப்போர்டின் தலைவராய் விளங்கியவருள் ஒருவர். கொல்லங்கோட்டிலோ அட்டப்பாடியிலோ வாழ்ந்த ஒருவர் போர்டு அலுவலகத்தைக் காண விரும்பினால், பாலக்காடு வந்து, ரயிலேறி, ஷொறணூர் வழியாகக் கடற்கரை நகரம் சேர வேண்டும். தொலைவு அதிகந்தான், ஆனால் அங்கே தம் வட்டத்தார் தேர்ந்தெடுத்த ஒருவர் அமர்ந்திருந்தார்.

அப்போர்டுக்குக் கடைசித் தேர்தல் 1954-இல் நடைபெற்றது. கம்யூனிஸ்டுக் கட்சி வெற்றி பெற்றது, பி. டி. பாஸ்கர பணிக்கர் தலைவரானார். பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த அவர் பள்ளி ஆசிரியராய் இருந்தவர். பிற்காலத்தில், 1962-இல், கேரள சாஸ்திர சாஹித்ய பரிஷத்து என்னும் அறிவியல் இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகவும் விளங்கினார். வகுப்பறையின் குறை இன்னதென்று நேரில் அறிந்த ஒருவர் போர்டின் தலைமை நாற்காலியில் அமர்ந்தது கருதத்தக்கது. பள்ளியில்லாத ஊர்களிற் பள்ளி திறக்கும் பணிக்கு அவர் காலத்தில் முதன்மை தரப்பட்டது. ஆனால் அப்போர்டுக்கு ஆயுள் மூன்றாண்டுகளே என்பது தேர்தலில் நின்றவர்களுக்கும் வாக்களித்தவர்களுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

ராஜ்யச் சீரமைப்புக் குழு 1955 செப்டம்பரில் தன் அறிக்கையை அளித்தது. மலபார் கேரளத்தோடு சேர வேண்டும் என்றும், திருவிதாங்கூர்-கொச்சியின் தெற்கிலுள்ள தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னையோடு சேர வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. தமிழர் கோரிய தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றன. அங்குள்ள தமிழருட் பலர் தோட்ட வேலைக்காக வந்து போகிறவர்கள் என்பது குழு எடுத்துக்காட்டிய காரணங்களுள் ஒன்று. வந்து போகிறவர் என்று குறிக்கப்பட்டவரின் பிள்ளைக்கு நிலையான பள்ளி எது என்ற வினாவும் அங்கேயே நின்றது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரளம் பிறந்தது. சரியாக இரண்டு மாதங்கழித்து, 1957 ஜனவரி 1-ஆம் தேதி, மலபார் ஜில்லா கண்ணூர், கோழிக்கோடு, பாலக்காடு என மூன்றாகப் பிரிந்தது. புதிய பாலக்காடு ஜில்லாவோடு சித்தூர் தாலுகாவும் இணைந்தது. சித்தூர் மலபாரைச் சேர்ந்ததன்று. கொச்சி ராஜ்யத்தின் பகுதியாக இருந்து, 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியில் அடங்கியது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய தமிழ் வழங்கும் ஊர்கள் அத்தாலுகாவில் உள்ளன. கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் மலபாரைப் போன்ற ஜில்லா போர்டு இருந்ததில்லை. ஆகவே அண்டையில் உள்ள இரண்டு ஊர்களுள், கொல்லங்கோட்டுக்காரர் போர்டு அங்கத்தினரை அறிந்திருந்தார். சித்தூர்க்காரர் அரசாங்கத்தின் கல்வி அதிகாரியை மட்டுமே அறிந்திருந்தார். இவ்விருவரும் இப்போது ஒரே ஜில்லாவினர். இவர்களுள் எவருடைய முறை மற்றவர்க்கும் உரியதாகும்?

1957-இல் மலபார் ஜில்லா போர்டு முடிவுற்றது. அதன் பள்ளிகள் மாநில அரசின் பொறுப்பில் வந்தன. புதிய ஜில்லாக்களுக்குத் தனித்தனிப் போர்டு ஏற்படவில்லை. எல்லைப்புறத்தின் கதை இங்கேதான் திரும்புகிறது. கலெக்டர் அலுவலகம் கோழிக்கோட்டிலிருந்து பாலக்காட்டுக்கு, வீட்டுக்கு அருகே வந்தது. அதே ஆண்டில் வாக்களித்து நிரப்பும் ஆசனம் மறைந்தது. முன்பு தொலைவில் ஒரு பிரதிநிதி இருந்தார். இப்போது அருகில் ஓர் அதிகாரி இருந்தார். மனுவைக் கொடுக்க வழி சுருங்கியது உண்மை. மனுவுக்குப் பதில் கேட்கும் உரிமையும் அதனோடு சுருங்கிற்று.

இதனால் நன்மையே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. புதிய அரசின் கல்வியமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, தனியார் நடத்திய உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியருக்கு அரசே நேராகச் சம்பளம் வழங்க வகை செய்தது. 1957-இல் சட்டசபையில் நிறைவேறிய அம்மசோதா, ராஷ்டிரபதியால் சுப்ரீம் கோர்ட்டின் கருத்துக்கு அனுப்பப்பெற்று, திருத்தங்களுடன் 1959-இல் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியரின் வயிறு நிறைந்தால் பள்ளி நிற்கும், அதில் ஐயமில்லை. ஆனால் எந்த மொழி ஆசிரியர் எந்தப் பள்ளிக்கு என்பதை முடிவு செய்யும் இடத்தில், எல்லைப்புறத் தமிழர் தேர்ந்தெடுத்த ஒருவர் இல்லாமற் போனார்.

சட்டசபை உறுப்பினர் இருந்தாரே என்று கேட்கலாம். இருந்தார், ஆனால் தொகுதியின் அளவைக் கருத வேண்டும். பரந்த தொகுதியில் சிறுபான்மையின் குரல் கரைந்துவிடும். வட்டம் சிறிதாகுந்தோறும் சிறுபான்மையே பெரும்பான்மையாகும். நான்கைந்து ஊர்கள் சேர்ந்த வட்டத்தில் தமிழ்க் குடும்பங்களின் வாக்கை எவரும் புறக்கணிக்க இயலாது. ஸ்தல போர்டு ஆசனத்தின் அருமை இதுவே.

மலைப்புறத்தில் நிகழ்ந்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கது. மூணாற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து சென்ற தொழிலாளர் குடியேறினர். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேற்பட்டால், கல்வி வசதி அளிக்கத் தோட்ட முதலாளியைக் கட்டாயப்படுத்தும் விதிகளை மாநில அரசு இயற்றலாம் என்றது. அங்கே பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் தோட்டத் துரையின் பங்களாவாக இருந்தது.

1958-இல் தேவிகுளத்தில் ஓர் இடைத்தேர்தல் நடைபெற்றது. முந்திய ஆண்டு அங்கு வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. அவரே மீண்டும் போட்டியிட்டு வென்றார். இசையமைப்பாளர் இளையராஜாவின் மூத்த சகோதரர் பாவலர் வரதராசன் மலையேறிச் சென்று, தொழிலாளரிடையே தமிழிற் பாடி அவருக்கு ஆதரவு திரட்டினார். வாக்குக் கேட்பதற்குத் தமிழ் இன்றியமையாதது என்பதை அத்தேர்தல் யாவர்க்கும் உணர்த்தியது. அதே தமிழ் பள்ளியிலும் இன்றியமையாதது என்பதை நாள்தோறும் நினைவூட்ட, அருகிருந்து பேசும் ஸ்தல பிரதிநிதி அங்கு இல்லை. பின்னர் 1972 ஜனவரி 26-ஆம் தேதி, கோட்டயம் ஜில்லாவின் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை தாலுகாக்களும் எர்ணாகுளம் ஜில்லாவின் தொடுபுழை தாலுகாவும் இணைந்து இடுக்கி ஜில்லா அமைந்தது. முதலில் கோட்டயத்திலிருந்தே இயங்கிய அதன் தலைமையிடம் 1976-இல் பைனாவுக்கு மாறியது. பாலக்காட்டைப் போலவே அலுவலகம் அருகில் வந்தது, ஆசனம் வரவில்லை.

சென்னை ராஜ்யத்திலும் ஜில்லா போர்டுகள் நீக்கப்பட்டன. ஆனால் 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி 1960, 1961-ஆம் ஆண்டுகளில் பஞ்சாயத்து யூனியன்கள் அமைந்தன. போர்டின் ஆரம்பப் பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. ஆகவே எல்லைக்கு இப்பாலுள்ள பொள்ளாச்சிப் பகுதியில் பள்ளிக்கும் தேர்தலுக்கும் இருந்த தொடர்பு ஓரளவு நீடித்தது. அப்பாலுள்ள சித்தூர்ப் பகுதியில் அது இல்லை. ஜில்லா மாறினால் ஆசனம் மறைந்தே தீரவேண்டும் என்ற நியதி இல்லை என்பதற்கு இதுவே சான்று.

இதற்கிடையில் தாய்மொழிக் கல்வியின் உரிமை எழுத்தில் உறுதி பெற்று வந்தது. 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வியமைச்சர் மாநாடு, ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ வேற்றுத் தாய்மொழியினராக இருப்பின், அம்மொழியிற் கற்பிக்க ஓர் ஆசிரியரையேனும் நியமிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. பிள்ளையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே அறிவிக்கலாம் என்றும் வகுத்தது. 1956-இல் ஏழாவது திருத்தத்தினால் அரசியலமைப்பில் 350-அ என்னும் விதி சேர்ந்தது. ஆரம்பக் கட்டத்தில் மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கற்பிக்கப் போதிய வசதி செய்ய, ஒவ்வொரு மாநிலமும், மாநிலத்துள் அடங்கிய ஒவ்வொரு ஸ்தல அதிகாரமும் முயலவேண்டும் என்பது அதன் பொருள்.

மொழிபெயர்ப்பையே அலுவலாகக் கொண்ட எனக்கு இவ்விதியில் இரண்டு சொற்கள் கண்ணிற் படுகின்றன. ஒன்று, 'முயலவேண்டும்' என்பது. முயலுதல் வேறு, செய்து முடித்தல் வேறு. இரண்டுக்கும் நடுவே, விடாது கேட்பவர் ஒருவர் வேண்டும். மற்றொன்று, 'ஸ்தல அதிகாரம்' என்பது. சட்டம் மாநில அரசை மட்டும் நோக்கிப் பேசவில்லை. ஊரை ஒட்டிய மன்றத்தையும் பெயர் சொல்லி அழைத்தது. அது எழுதப்பட்டு ஓராண்டு செல்வதற்குள், பாலக்காட்டில் அவ்வழைப்பைக் கேட்க ஜில்லா போர்டு இல்லாமற் போயிற்று.

அந்த ஆசனம் திரும்பி வர 34 ஆண்டுகள் சென்றன. இடையில் கிராமப் பஞ்சாயத்துகள் இருந்தன. அரசுப் பள்ளிக்கு ஆசிரியரை நியமிப்பது அவற்றின் கையில் இல்லை. 1991-இல் கேரளத்தில் ஜில்லா கவுன்சில்களுக்குத் தேர்தல் நடந்தது. அவை நெடுநாள் நீடிக்கவில்லை. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தத்தை ஒட்டி 1994-இல் இயற்றப்பட்ட பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின்படி, 1995-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் பொறுப்பேற்றன. அரசுத் தொடக்கப் பள்ளிகளைப் பேணுதல் கிராமப் பஞ்சாயத்துகளிடமும், உயர்நிலைப் பள்ளிகளைப் பேணுதல் மாவட்டப் பஞ்சாயத்துகளிடமும் வந்தன. ஆசிரியர் நியமனம் மாநில அரசிடமே நிற்கிறது. முழு விடை கிடைக்கவில்லை எனினும், கேள்வியைக் கேட்பதற்கு ஓர் இடம் மீண்டும் கிடைத்தது.

கேரளத்துக்கு அப்பால் வாழும் தமிழருக்கும் இக்கதையிற் பங்குண்டு. 73-ஆவது திருத்தம் சேர்த்த பதினொன்றாம் அட்டவணை, பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் பள்ளிக் கல்வியையும் எண்ணுகிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், அரசு பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்றும், அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்றும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. வரி செலுத்துவோர்க்கு மட்டும் அன்று உரியதாயிருந்த ஆசனம், இன்று பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்க்கு உரியதாயிருக்கிறது.

பிள்ளையைச் சேர்க்கும்போது தாய்மொழி என்னும் கட்டத்தில் தமிழ் என்று எழுதுவோம். எழுதாத பிள்ளை பத்திலும் சேராது, நாற்பதிலும் சேராது. அப்பாற் குழுவின் கூட்டத்துக்குச் செல்வோம். வாய்ப்பு நேருமாயின் உறுப்பினராக நிற்கவும் தயங்கோம். எல்லைகள் இனியும் மாறக்கூடும். ஜில்லாக்கள் இனியும் பிரியக்கூடும். அவற்றை முடிவு செய்வது நம் கையில் இல்லை. பிரிவினை நிகழும் நாளில் பள்ளியின் பொருட்டுப் பேசும் ஆசனம் எங்கே போகிறது என்று பார்த்திருப்பது நம் கையில் இருக்கிறது. பாலக்காடு 1957-இல் அதைக் கேட்கத் தவறியதன் விலையை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கொடுத்தனர்.